பெட்ரோல் டாங்கில் பட்டுப்புடவை வாசனை

பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்ததும் பட்டுப்புடவை வாசனை வந்தது.

கல்யாணத்துக்குப் போவதற்காக அலமாரியின் மேல்தட்டிலிருந்து புடவையை எடுத்து உதறும்போது மடிப்புகளிலிருந்து எழும்புமே, அந்த வாசனை. நாமக்கல் பைபாஸ் ஓரத்தில், தகரக் கூரை போட்ட லாரி ஷெட்டில், கிரீஸும் பழைய டயரும் மணக்கிற இடத்தில் எந்தப் புடவை? மூக்கை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே வாசனை.

“சரசு, இங்க வந்து மோந்து பாரேன். டாங்குல புடவை வாசனை வருது.”

“போன மாசம் காப்பியில சீயக்கா வாசனை வருதுன்னு சொன்னீங்க” என்றாள் என் மனைவி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அது உண்மைதான். கொரோனா காய்ச்சல் வந்து போன பிறகு என் மூக்குக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை. ஆனால் அன்றைக்கு என் மூக்கு சரியாகத்தான் சொன்னது. சொன்னதைக் கேட்டிருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். அன்று எங்களுக்கு அரைமணி என்பது பெரிய சொத்து. ஷெட் வாசலில் கிரேன் வந்து நின்றுகொண்டிருந்தது.

மேடையும் சோடாப் பெட்டியும்

கிரேனைக் கூப்பிட்டது என் மனைவியின் தம்பி கந்தசாமி. நாமக்கல்லில் ஆறு லாரி வைத்திருக்கிறான். மீசையும் குரலும் லாரிக்கேற்ற அளவு. அக்கா என்றால் மட்டும் குரல் பாதியாகிவிடும். லாரித் தொழிலோடு, ஷெட்டை ஒட்டிய காலி இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போடுகிறான். பைபாஸில் போகிற கார்கள் நிற்க வேண்டுமென்றால் வாசலில் ஏதாவது இருக்க வேண்டுமாம். இப்போது எல்லாக் கடைக்காரர்களுக்கும் இந்தப் பைத்தியம். ஒருவர் மாட்டுவண்டி வைக்கிறார், ஒருவர் சிமெண்ட் யானை வைக்கிறார். கந்தசாமி தேர்ந்தெடுத்தது எங்கள் அம்பாசிடரை.

எங்கள் என்று எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். அது சரசுவின் வண்டி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இரண்டு மழைக்காலம் நாங்கள் சென்னையில் மகன் வீட்டில் இருந்தோம். சரசுவின் முழங்கால் அறுவைக்காகப் போனது; அறுவை முடிந்தும் மகன் விடவில்லை. அந்தக் காலமெல்லாம் வண்டி கந்தசாமியின் ஷெட்டில் நின்றது. நாங்கள் சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்த வாரம், வண்டியைக் கொண்டுவந்து விடுவதற்காகத் தன் டிரைவரை விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கிறான். ஆகவில்லை. நாலு பேர் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். இருமக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே போன் வந்தது.

“அக்கா, உன்ற வண்டிக்கு இனி ஓட்டம் இல்லீக்கா. நீ வெசனப்படாதே. நம்ம கடை முன்னாடி மேடை கட்டிப்புட்டேன். சாமியாட்டம் நிக்க வெக்கிறேன். இஞ்சினை எடுத்துப்போட்டு பானெட்டுக்குள்ள ஐஸ் பொட்டி வெச்சு, பன்னீர் சோடா போட்டறலாம். போர்டுகூட எழுதியாச்சு. ‘அக்கா கார் மெஸ்’.”

சரசு போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சாமிக்குப் பெட்ரோல் வேண்டாம் கந்தா. எனக்கு வேணும்.”

“ஓடலியேக்கா!”

“நான் வந்து பாக்கறேன். ஓடலேன்னா நீயே எடுத்துக்க. ஓடுச்சுன்னா மேடையில வேற எதையாச்சும் வெச்சுக்க.”

வாக்கு கொடுத்தால் மாறமாட்டாள். அவனும் அப்படியே. இஞ்சினை எடுத்துவிட்டால் அப்புறம் அது வண்டியில்லை, பெட்டி.

இடது பக்கத்து ஆசாமி

சிலர் நினைக்கலாம், இந்த வயதில் ஒரு பழைய வண்டிக்கு என்ன இவ்வளவு பாடு என்று. எங்கள் மகனும் அதைத்தான் சொன்னான். “கூப்பிட்டா வாசலுக்கு டாக்சி வருது. எதுக்கும்மா?” என்றான்.

சரசு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். வாழப்பாடிக்கு மாற்றல் வந்தபோது, அங்கே ஒரு டாக்டர் விற்ற வண்டியை வாங்கினாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு சேலம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் வேலை. வேகன்களை எண்ணுவது. தாளில் என்ன எழுதியிருந்தாலும் நான் நடந்து எண்ணிய பிறகுதான் எனக்குத் திருப்தி. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லித் தட்டில் குழி எத்தனை, எங்கள் தெருவில் மின்கம்பம் எத்தனை, எல்லாம் தெரியும். நான் எழுதிவருகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகர், “ஐயா, நீங்கள் போன அத்தியாயத்தில் பதினான்கு எண்கள் எழுதியிருந்தீர்கள்” என்று சொன்னார். அவர் தப்பாக எண்ணியிருக்கிறார். பதினாறு.

முதல் நாள் சரசு அந்த வண்டியை அயோத்தியாப்பட்டணம் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தபோது நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் இடம் அதுதான். எதிரே வருகிற லாரிகளை எண்ணுவதும், “மெதுவா, மெதுவா” என்பதும் என் வேலை. அவள் வேலை ஓட்டுவதும் பேசுவதும்.

பேசுவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் சரசு அதிகம் பேசமாட்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் பேச்சு வரும். பள்ளிக்கூடத்துச் சண்டை, தூக்கத்தில் வந்த கனவு, என் மேல் இருக்கிற குறை, எல்லாம் மூன்றாவது கியரில்தான் வெளியே வரும். சென்னையில் அந்த இரண்டு மழைக்காலமும் அவள் பேசியதை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஜன்னலில் நின்று கீழே நிற்கிற கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அறுவை செய்த டாக்டர், “தாராளமா கிளட்ச் மிதிக்கலாம்மா” என்று சொன்ன அன்று மட்டும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஆகவே எனக்கும் அந்த வண்டி ஓடியாக வேண்டும். பெட்ரோல் செலவைப் பற்றிக் கவலைப்படுகிற நான், அன்று காலை பஸ் ஏறும்போது ஐந்து லிட்டர் கேனைக் கையில் பிடித்திருந்தேன். காலி கேன்தான். பஸ்ஸில் பெட்ரோல் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை நாமக்கல் பங்கில் நிரப்பிக்கொண்டோம்.

போனில் கேட்ட டிக் டிக்

இங்கே கொஞ்சம் இயந்திரம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். வீட்டு மேல்தொட்டியில் மிதக்கிற பந்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடிக்கும். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, கார்ப்பரேட்டரை ஒட்டியிருக்கிற சின்னக் கிண்ணத்தை நிரப்பும். கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். வழி அடைபட்டதும் டிக் டிக் நின்றுவிடும். கிண்ணத்திலிருந்து ஜெட் என்கிற மெல்லிய துவாரம் வழியாக இஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். அவ்வளவுதான்.

வண்டி நின்றுகொண்டே இருந்தால் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். போகிறபோது சும்மா போகாது. அதில் இருக்கிற கசடை அடியில் விட்டுவிட்டுப் போகும்.

இனி கந்தசாமியின் பக்திக்கு வருகிறேன். லாரிக்காரர்களுக்கு அமாவாசை தவறாது. வண்டிகளைக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அக்காவின் வண்டிக்கும் அந்த மரியாதை உண்டு; பேட்டரிக்குச் சார்ஜும் உண்டு. பூஜை முடிந்ததும் சாவியைப் போட்டு, பம்ப் அடிக்கிற சத்தத்தைப் போனில் அக்காவுக்குக் கேட்கவைப்பான்.

“கேக்குதாக்கா? உன்ற வண்டி உசுரோட இருக்குது!”

ஸ்பீக்கரில் போட்டிருப்பாள். டிக் டிக் டிக். அவள் முகம் அப்போது மட்டும் மலரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

முதல் அமாவாசையில் பதினெட்டு. அடுத்ததும் பதினெட்டு. காலியான கிண்ணம் நிரம்புவதற்கு அதுதான் கணக்கு. பிறகு பதினைந்து. பிறகு பதினொன்று. மழை முடிந்தபோது ஆறு.

“மாப்ளே, டிக் குறையுது. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஓடவிடு” என்றேன்.

“ஏனுங் மாமா, அக்கா இல்லாம அந்த சீட்டுல ஒருத்தன் குக்கறதாவதுங்க? மருவாதி ஆகுங்களா? சாவி போடறதோட சரிங்க.”

“அதில்லை மாப்ளே, மிதவை ஒட்டிக்குது. அதனாலதான்…”

“மாமா டிக்குகூட எண்ணுதுக்கா!” என்று சிரித்தான். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். கடைசி அமாவாசையில் எனக்குக் கேட்டது இரண்டே இரண்டு. அதற்கப்புறம் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். எண்ணுவதை நிறுத்தவில்லை.

சேகோ மாவு

ஷெட்டுக்குத் திரும்புகிறேன்.

சரசு பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். டிக், டிக். நின்றுவிட்டது.

“இரண்டு” என்றேன்.

“கேட்டுச்சு” என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கந்தசாமி கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அவனுக்கு ஜெயிக்கவும் ஆசை, அக்காவைத் தோற்கவிடவும் மனமில்லை. கிரேன்காரர் மட்டும் தைரியமாகக் கேட்டார்: “ஏனுங்க, தூக்கறதுங்களா, காத்திருக்கறதுங்களா? எனக்கு ராசிபுரத்துல ஒரு போர்வெல் லாரி கெடக்குது.”

“ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சாமி” என்றாள் சரசு. அவர் போனார்.

கார்ப்பரேட்டரைக் கழற்ற ஆரம்பித்தோம். நான் என் தோள் துண்டைத் தரையில் விரித்தேன். அவள் கழற்றிக் கழற்றிக் கொடுக்க, நான் வரிசையாக அடுக்கினேன். திருகு, வாஷர், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினேன். பதினேழு.

சரசு கிண்ணத்தின் மூடியைத் தூக்கினாள். பெட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைத் தொட்டியில் தண்ணீர் வடிந்த பிறகு படிந்திருக்குமே, அப்படி ஒரு வெள்ளை. அதன் மேல் வேப்பம்பிசின் நிறத்தில் ஒரு பசை. மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதுதான் கிண்ணம் நிரம்பிவிட்டதாகப் பம்பை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

பசை புரிந்தது. நின்ற பெட்ரோல் பசையாகும். வெள்ளை எங்கிருந்து வந்தது?

சரசு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். என்னைப் பார்த்தாள்.

“புடவை வாசனை” என்றாள்.

நான் டாங்க் மூடிப் பக்கம் கையைக் காட்டினேன்.

“கந்தா, இங்க வா. டாங்குக்குள்ள என்ன போட்டே?”

“நீ சொன்னதத்தான்க்கா.”

“நான் என்ன சொன்னேன்?”

“போகையில சொன்னியல்லோ? எலி வயரக் கடிச்சுப்போடும், வண்டிக்குப் பாச்சை உருண்டை போட்டு உடு சாமின்னு?”

“ஆமா.”

“வண்டிக்குப் போட்டு உட்டேன்!”

சரசு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

இதை லாரி ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் வண்டிக்குள் போடு என்பதையும் வண்டிக்குப் போடு என்பதையும் ஏறக்குறைய ஒன்றாகச் சொல்லிவிட்டுப் போவோம். லாரிக்காரன் அப்படிக் கேட்கமாட்டான். அவன் காதில், வண்டிக்குப் போடு என்றால் ஒரே இடம்தான், டாங்க். வண்டிக்கு டீசல் போடு, வண்டிக்கு எண்ணெய் போடு, வண்டிக்குப் போட்டாச்சா? வாழ்நாள் முழுக்க அவன் அப்படித்தான் கேட்டிருக்கிறான், அப்படித்தான் சொல்லியிருக்கிறான். சரசு சீட்டுக்கு அடியில் போடுவான் என்று நினைத்துச் சொன்னாள். அவன் வண்டிக்குப் போட்டான்.

“எலிக்குன்னு சொன்னேனேடா! எலி டாங்குக்குள்ளயா போகும்?”

“எனக்கும் சந்தேகம்தான்க்கா. ஆனா அந்தக் காலத்து டிரைவருங்க பெட்ரோல் வண்டிக்கு உருண்டை போடுவாங்கல்லோ, இழுவை நல்லாருக்கும்னு? அக்கா படிச்சவ, சயின்ஸ் டீச்சரு, ஒண்ணுல ரெண்டு வேலையாச் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

“எத்தனை போட்டே?” என்று கேட்டேன். நான் கேட்காமல் யார் கேட்பது?

“ரெண்டு பாக்கெட்டுங்க மாமா. உள்ள எத்தனைன்னு எண்ணலீங்க.”

அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம்.

பட்டுப்புடவை மடிப்பில் பூச்சி வராமல் வைக்கிற அதே உருண்டைகள் பெட்ரோலில் சர்க்கரை மாதிரி கரைந்திருக்கின்றன. அமாவாசைக்கு அமாவாசை சாவி போட்டபோதெல்லாம் அந்தக் கரைசல் கிண்ணத்துக்கு வந்திருக்கிறது. மாதம் முழுக்க நின்று பெட்ரோல் ஆவியாகி, உருண்டை மட்டும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அடுத்த அமாவாசை, அடுத்த படிவு. வண்டி உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காக அவன் வைத்த ஒவ்வொரு பூஜையும் அதன் தொண்டையில் ஒரு பிடி மாவாக இறங்கியிருக்கிறது.

சரசு சிரிக்க ஆரம்பித்தாள். வண்டியின் மட்கார்டில் சாய்ந்து, புது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கந்தசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனும் மெதுவாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கிரேன்காரர் டீ குடித்து முடித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சூடம் வேண்டாம்

வேலை என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி முடிந்த மாதிரி. எனக்குக் கூட அப்போது நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் டாங்க். வண்டிக்கு அடியில் உள்ள திருகைக் கழற்றி, பழைய பெட்ரோலை வாளியில் பிடித்தோம். நல்லெண்ணெய் நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம் வந்தது. மீதியெல்லாம் இரண்டு வெயில்காலம் குடித்துவிட்டது. புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி அலசி, அதையும் வடித்தோம்.

அந்த நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் ஏதோ நெருடியது. திரும்பினேன். கந்தசாமி தாம்பாளத்தில் சூடம் வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறக்கிறான். வண்டியை மேடைக்குத் தூக்குமுன் செய்வதற்காக வைத்திருந்த பூஜைச் சாமான். நல்ல நேரம் போகிறதாம்.

“மாப்ளே!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து தலையை இடித்துக்கொண்டார்.

“வாளியில பெட்ரோல் திறந்து கெடக்கு. சூடத்தைக் கீழ வை. தீப்பெட்டியை என்கிட்ட குடு.”

கொடுத்தான். அன்று முழுக்க அந்தத் தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வைத்துக்கொள்ளட்டும்.

வெள்ளைப் படிவு சுத்தமான பெட்ரோலில் ஊறவைத்ததும் கரைந்துவிட்டது. பசைதான் பிடிவாதம் பிடித்தது. லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கிற பகுதியிலிருந்து கந்தசாமி தின்னர் கொண்டுவந்தான். ரப்பர் வளையங்களை மட்டும் தனியாக எடுத்துவைத்துவிட்டு, கிண்ணத்தையும் ஊசியையும் மிதவை மாட்டுகிற கொக்கியையும் அதில் போட்டோம். ஜெட்டின் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. சரசு புடவையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தாள்.

“குத்தாதே! துவாரம் பெரிசானா வண்டி பெட்ரோல் குடிச்சே நம்மளை அழிச்சிடும்.”

“எனக்கே பாடமா?” என்றாள். ஆனால் ஊக்கைக் கீழே வைத்துவிட்டாள். டயருக்குக் காற்றடிக்கிற குழாயை எடுத்துவந்து கந்தசாமி ஓர் ஊது ஊதினான். ஜெட்டிலிருந்து அரிசி நொய் மாதிரி என்னவோ தெறித்தது. மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி முனையளவு வானம்.

மாட்ட ஆரம்பிக்குமுன் எண்ணினேன். பதினெட்டு.

“கழட்டினது பதினேழு. இப்ப பதினெட்டு இருக்கு.”

“உங்களுக்குத் தப்பு வந்திருக்கும்.”

“எனக்கா?”

மூவரும் துண்டைச் சுற்றி உட்கார்ந்தோம். கிரேன்காரரும் வந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். பதினெட்டாவது, சரசுவின் புடவை ஊக்கு.

நிற்க வேண்டிய சத்தம்

எல்லாம் மாட்டி, கேனில் மிச்சமிருந்த பெட்ரோலை டாங்கில் ஊற்றிய பிறகு சரசு தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். இடது காலை எடுத்துக் கிளட்சில் வைத்தாள். ஒரு தரம் மிதித்தாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. இன்னொரு தரம் மிதித்தாள். “சரி” என்றாள்.

சாவியைத் திருப்பினாள். டிக் டிக் டிக் டிக்.

பதினெட்டைத் தாண்டியது. அது எதிர்பார்த்ததுதான்; குழாயெல்லாம் காலி. முப்பது. ஐம்பது. எழுபது. என் உள்ளங்கை வேர்த்தது. இந்தச் சத்தம் நிற்காமல் போனால் ஒன்று எங்கோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் மிதவை சரியாக உட்காராமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. கிண்ணத்துக்கு அடியில் கையை வைத்துக் காத்திருந்தேன். சொட்டவில்லை. தொண்ணூறுக்கு மேல் மெதுவானது. டிக். டிக். கொஞ்சம் விட்டு, டிக்.

நின்றது.

உள்ளங்கை உலர்ந்துதான் இருந்தது, வேர்வையைத் தவிர.

“நூற்று நான்கு” என்றேன்.

“சோக் இழுக்கறேன்” என்றாள்.

முதல் திருப்பலில் முனகியது. இரண்டாவதில் இருமியது. கந்தசாமி, “வருதுக்கா, வருதுக்கா, உடாதே!” என்று கத்தினான். பந்தயத்தில் அவன் யார் பக்கம் என்பதை மறந்துவிட்டான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து ஷெட் முழுக்கப் பரவியது. கல்யாண மண்டபத்தில் நூறு பெண்கள் ஒரே சமயத்தில் பட்டுப்புடவை உதறியது போல வாசனை. அதை எல்லோரும் மோந்தார்கள். கிரேன்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே, “அப்ப நான் ராசிபுரம் போறேனுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கந்தசாமி நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தான். அவையும் மேடைப் பூஜைக்காக வாங்கியவைதான். கிரேன் தூக்கிப் போகிற வண்டி எப்படி எலுமிச்சம்பழத்தை நசுக்கும் என்று அவன் யோசித்தே பார்க்கவில்லை. இப்போது அந்தக் கவலை இல்லை. சரசு முதல் கியர் போட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். நாலும் நசுங்கின.

வெளியே வந்ததும் கடை தெரிந்தது. மேல்பூச்சு இன்னும் முழுசாகக் காயாத மேடை, அதன் பின்னால் ‘அக்கா கார் மெஸ்’ என்ற போர்டு. கந்தசாமி அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அக்கா ஓட்டியதில் அவனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மேடை காலி.

சரசு வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை.

“பின்னாடி சரிவு கட்டியிருக்கியா?”

“சிமெண்ட் தள்ளுவண்டி ஏத்தறதுக்குக் கட்டினதுக்கா.”

“நல்லாக் காயட்டும். திறப்பு விழாவுக்கு நானே ஓட்டிக்கிட்டு வந்து ஏத்தறேன். அமாவாசைக்கு அமாவாசை வாரேன். பகல் பூரா நிக்கட்டும், நீ பூஜை பண்ணிக்க. சாயந்திரம் ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். போர்டை மாத்தாதே.”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். புகை என்றான்.

ராசிபுரம் தாண்டி மூன்றாவது கியரில் போகும்போது சரசு பேச ஆரம்பித்தாள். சென்னையில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். மருமகள் நல்ல பெண் என்றாள். அந்த வீட்டுக் குளியலறையில் அழுதிருக்கிறேன் என்றாள். மூக்கு விஷயத்தில் உங்களை இனிமேல் நம்புகிறேன் என்றாள். எதிரே வந்த லாரிகளை நான் அன்று எண்ணவில்லை.

இப்போதும் ஒவ்வோர் அமாவாசையும் போகிறோம். இன்று காலையும் கிளம்பினோம். சூரமங்கலம் வீட்டு வாசலில் சரசு சாவியைத் திருப்பி, ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பானெட் பக்கம் நீட்டும்படி என்னிடம் கொடுத்தாள். நீட்டினேன். பதினெட்டு.

மறுமுனையில் கந்தசாமி அதற்காகவே காத்திருந்தான்.

“கேட்டுச்சுக்கா. மத்தியானத்துக்கு இலை போட்டறட்டுமா?”

“போடு சாமி” என்றாள் சரசு. “இலை மட்டும் போடு.”